நாலு மணி விசிறி

அண்ணன் வீட்டில் எந்தப் பொருளைத் திருப்பிப் பார்த்தாலும் ஒரு பச்சை ஸ்டிக்கர் இருக்கும். ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சு, கீழே தேதி, அதற்கும் கீழே அண்ணனின் சுருக்கொப்பம். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவுக்குத் தலைவர். அங்கே இருக்கும் தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை அவர் முன்னால் வந்து நின்று, தாங்கள் பொய் சொல்லவில்லை என்று நிரூபித்துவிட்டுப் போகவேண்டும். மிஞ்சிய ஸ்டிக்கர்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். சுவர்க் கடிகாரம், குளிர்சாதனப் பெட்டி, எடை பார்க்கும் மேடை, காய்ச்சல் பார்க்கும் குச்சி என்று ஒன்றையும் விடவில்லை. கல்யாணப் படத்தின் சட்டத்தில் ஒட்டாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. மணி என்ன என்று கேட்டால் “நாலு பன்னிரண்டரை” என்பார். தொழிற்சாலையில் அவருக்குத் ‘தசமம்’ என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

சமையலறையில் இருந்த ஓவன் மேலும் அந்த ஸ்டிக்கர் இருந்தது. எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த ஓவன் அண்ணியுடையது. அண்ணி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், நடந்து திரும்பி வரவில்லை. எட்டு மாதம் முன்னால் அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். வந்தவர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். குழப்பம் வேண்டாம் என்று நான் அவரை மனதுக்குள் நர்ஸ் அண்ணி என்று வைத்துக்கொண்டேன். அண்ணனின் மகள் அவரைச் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டாள், நோயாளிகள் கூப்பிடுகிற தொனியில். மருந்து கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட வேண்டியவர் என்று அதற்கு அர்த்தம்.

மகளை நாங்கள் எல்லோரும் கடுகு என்போம். பிறந்தபோது அந்த அளவுதான் இருந்தாள். பேச்சு வந்ததும் பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பதினைந்து முடிகிறது.

நான் மாடியில் இருக்கிறவன். அச்சகத்துக்குப் பிழை திருத்துகிற வேலை, பகலில் மாடியிலேயே திருத்திவிட்டு மாலை ஆறு மணிக்கு மேல்தான் அங்கே போவேன். பகல் முழுக்க வீட்டில் கிடப்பதால், கீழே சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தாலும் எனக்குத் தெரியும். அதனால் அந்த விசிறியும் எனக்குத் தெரியும்.

ஓவனை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் சூடு எழுபது டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை அதன் பின்புறம் ஒரு சின்ன விசிறி ஓடும். முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இதெல்லாம் வழக்கம்தான். யாரும் ஓவனைப் போடாத நாளிலும் பிற்பகல் நாலு மணி வாக்கில் அந்த விளக்கு தானாக எரிந்து விசிறி ஓடத் தொடங்கும். அதுதான் வழக்கம் இல்லை. கதவைத் தொட்டால் சூடு இருக்காது. உள்ளே காலித் தட்டு. யாரோ இப்போதுதான் எதையோ சுட்டு எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்பது போல அது முனகிக்கொண்டிருக்கும். ஐந்தரைக்கு மேல் நின்றுவிடும்.

இந்த வருஷம் கடுகுவின் பள்ளி நேரம் மாறியிருந்தது. மூன்றரைக்கே வந்துவிடுகிறாள். வந்ததும் இரண்டு கோப்பை டீ போடுவாள். ஒன்றைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். இன்னொன்றை ஓவனுக்குப் பக்கத்தில் வைப்பாள். விசிறி ஓடுகிற ஒன்றரை மணி நேரமும் அங்கேயே தரையில் சாய்ந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சில சமயம் ஏதோ பேசுகிற சத்தமும் கேட்கும். விசிறி நின்றதும் எழுந்து போய்விடுவாள். ஆறிப்போன அந்த இரண்டாவது கோப்பையை நர்ஸ் அண்ணி கழுவி வைப்பார். மழை நாளில் விசிறி ஓடாது. அன்றைக்கு ஒரு கோப்பைதான்.

இது இப்படியே போயிருக்கும். கேக் என்று ஒன்று வராமல் இருந்திருந்தால்.

கடுகுவின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் அண்ணி கேக் சுடுவார். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இந்த வருஷம் நான் சுடுகிறேன் என்று நர்ஸ் அண்ணி சொன்னார். சும்மா இருந்திருக்கலாம். ஒத்திகைக்கு என்று மூன்று கேக் சுட்டார். மூன்றும் மேலே பொன்னிறமாக எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழுந்து, கத்தியை விட்டால் உள்ளே பச்சை மாவு.

காலையில் சுட்டு ஆறவைத்திருந்த மூன்றாவது கேக்கை வெட்டும்போது அக்கா வந்திருந்தாள். அக்கா எங்கள் இருவருக்கும் மூத்தவள், மாதர் மன்றத் தலைவி. வீட்டில் நாலு பேர் இருந்தாலும் எதிரில் மைக் இருப்பதாக நினைத்துப் பேசுகிற பழக்கம். கத்தியில் ஒட்டிய மாவை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

“அவ இன்னும் அடுப்பை விட்டுப் போகல. ரெண்டு பேருக்கு ஒரு அடுப்பு சரிப்படாது தம்பி, நான் அன்னிக்கே சொன்னேன்.”

அண்ணனின் மறுகல்யாணப் பேச்சு வந்தபோது அவள் சொன்னது வேறு. பெண் வேலைக்குப் போகிறவள், அதனால் சமையல் சரிப்படாது என்றுதான் சொன்னாள். ஆனால் மேடைப் பேச்சில் முன்னுக்குப் பின் பார்ப்பது பண்பு இல்லை. அடுத்த பத்து நிமிஷத்தில் நாலு மணி ஆகி, சிவப்பு விளக்கு எரிந்து, விசிறி ஓடத் தொடங்கியது. அக்கா கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கடுகு நர்ஸ் அண்ணியைப் பார்த்துச் சொன்னாள். குரல் உயரவில்லை.

“ஞாயித்துக்கிழமை கேக் ஒழுங்கா வந்தா, அம்மா உங்களுக்கு இடம் குடுத்துட்டாங்கன்னு அர்த்தம், சிஸ்டர். நான் இங்கயே இருக்கேன். வரலைன்னா அத்தை வீட்டுக்குப் போயிடறேன்.”

ஞாயிறு வண்டியோடு வருகிறேன் என்று அக்கா உடனே சொன்னாள். அவள் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் இருந்தது.

அன்று மாலை அண்ணன் வந்ததும் நர்ஸ் அண்ணி விஷயத்தைச் சொல்லி, ஓவன் சூட்டைத் தப்பாகக் காட்டுகிறது என்று நினைப்பதாகவும் சொன்னார். அண்ணன் சிரித்தார். இருபத்தாறு வருஷம் கருவிகளோடு வாழ்ந்தவர் சிரிக்கிற சிரிப்பு. கைகளைத் துடைத்துக்கொண்டு, ஓவனை நூற்று எண்பதில் வைத்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் முகப்பில் எண் ஏறி நூற்று எண்பதில் நின்றது.

“பாத்தியா? கேட்டது நூத்தி எண்பது. வந்தது நூத்தி எண்பது புள்ளி பூஜ்யம்.”

“அது அதையே கேட்டு அதுவே சொல்ற பதில்ங்க,” என்றார் நர்ஸ் அண்ணி. “உங்களுக்கு ஜுரம் இருக்கான்னு பேஷண்டையே கேட்டா, வீட்டுக்குப் போற அவசரத்துல இருக்கிறவர் இல்லைன்னுதான் சொல்லுவார்.”

அண்ணன் விரலை நீட்டிப் பச்சை ஸ்டிக்கரைக் காட்டினார். எந்தக் கருவியையும் அதைக் கொண்டே சோதிக்கக் கூடாது என்று அவருடைய பிரிவில் சுவர் முழுக்க எழுதிப் போட்டிருக்கிறார்கள். எழுதிப் போட்டவரே அண்ணன்தான். ஆனால் அது தொழிற்சாலைச் சுவர்.

மறுநாள் நர்ஸ் அண்ணி கடையிலிருந்து சின்னதாக, வட்டமுகம் வைத்த வெப்பமானி ஒன்றை வாங்கிவந்து ஓவனுக்குள் கம்பித்தட்டில் தொங்கவிட்டார். முகப்பு நூற்று எண்பது என்றபோது உள்ளே முள் நூற்று நாற்பத்தைந்தில் நின்றது. அண்ணன் அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இதற்குச் சான்று கொடுத்தது யார் என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. அப்படியானால் இது பொம்மை என்று சொல்லி, பொம்மையைத் திருப்பிக் கொடுத்தார்.

புதன்கிழமை நர்ஸ் அண்ணி யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். சமையலறையில் மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. மூன்று மணிக்கு மேல் வெயில் அதன் வழியாக நேரே ஓவன் மேல் விழும். இரண்டு மணிக்கே அந்த ஜன்னலைச் சாத்தி, கண்ணாடிக்குத் தடித்த துணி ஒன்றை மாட்டிவிட்டார்.

நாலு ஆயிற்று. விளக்கு எரியவில்லை. நாலரை ஆயிற்று. கீழே அப்படி ஒரு அமைதி. நான் மாடிப்படியில் பாதி இறங்கி வந்து பார்த்தேன். கடுகு ஓவனைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நோட்டைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் இரண்டு கோப்பை, இரண்டிலும் ஆடை படிந்திருந்தது. ஐந்து மணிக்கு ஓவன் கதவை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினாள், பூட்டிய அறைக் கதவைத் தட்டுவது போல. ஆறு மணிக்கு எழுந்து போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு பையின் ஜிப் இழுபடுகிற சத்தம்.

நர்ஸ் அண்ணி கூடத்தில் நின்று அந்த ஜிப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போய்த் துணியைக் கழற்றி மடித்து வைத்தார். மறுநாள் வெயில் விழுந்தது, நாலு மணிக்கு விசிறி வந்தது. கடுகு ஈரத்துணியால் ஓவனின் முகத்தை ஓரம் ஓரமாகத் துடைத்துவிட்டாள்.

அன்று நர்ஸ் அண்ணி மாடிக்கு வந்தார். வந்து எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுது பார்க்கிறவரிடம் கேட்டு வந்ததாகச் சொன்னார். ஓவனுக்குள்ளே பின்சுவரில் பென்சில் மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் சூட்டை அளக்கிற சென்சார். அது கெட்டுப்போய் எந்நேரமும் முப்பத்தைந்து டிகிரி கூட்டிச் சொல்கிறது. நிஜமாக நூற்று நாற்பத்தைந்து ஆனதும் நூற்று எண்பது வந்தாயிற்று என்று ஓவன் நம்பிவிடுகிறது, அதனால் கேக் வேகவில்லை. நிஜமாக முப்பத்தைந்துக்கு மேல் போனால் எழுபது தாண்டிவிட்டது என்று நினைத்து விசிறியைப் போடுகிறது.

“வெயில் பட்டா அந்தப் பெட்டி முப்பத்தாறு ஆகுது. அவ்வளவுதான். முப்பத்தாறுங்கிறது நம்ம உடம்புச் சூடு கூட இல்ல.”

இருநூற்றுப் பதினைந்தில் வைத்துச் சுட்டால் போயிற்றே என்றேன். தப்பாகக் காட்டுகிற தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு, முப்பத்தைந்தைக் கழித்துக்கொள் என்று அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் வார்டில் இல்லை என்றார். இன்றைக்கு முப்பத்தைந்து, நாளைக்கு நாற்பதாகும். பிறகு, கடுகு பந்தயம் கட்டியிருப்பது அவளுடைய அம்மாவின் மேல். அதில் நான் கள்ளக் கணக்குப் போட்டு ஜெயிக்க முடியாது என்றார்.

“சனிக்கிழமை ஓவனை வெளியே இழுக்கணும். தனியா முடியாது. வந்து ஒரு கை குடுத்து, டார்ச் பிடிப்பீங்களா?”

இந்தக் கேள்வியை இதே வாசலில் நின்று இன்னொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அண்ணி. ஏறக்குறைய இதே வார்த்தைகள். அண்ணனுக்கு நேரம் இல்லையாம், நீங்களாவது வந்து டார்ச் பிடிப்பீங்களா என்று. என் மேஜையில் அன்றைக்கு நானூறு பக்கம் திருத்தக் கிடந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் அண்ணி என்றேன். இரண்டாம் முறை கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. ஓவனை இருநூற்றுப் பதினைந்தில் வைத்துச் சுட்டுக்கொண்டார். கேக் எப்போதும் போல நன்றாகத்தான் இருந்தது. நான் இரண்டு துண்டு தின்பேன்.

பிடிக்கிறேன் என்று நர்ஸ் அண்ணியிடம் சொன்னேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

சனிக்கிழமை அண்ணனுக்கு வேலை நாலு மணி வரைக்கும். அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று மூன்றரைக்கு இறங்கினேன். நர்ஸ் அண்ணி மெயினை அணைத்திருந்தார். அண்ணனின் தோல் உறை போட்ட மல்டிமீட்டரை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். அதிலும் பச்சை ஸ்டிக்கர். ஓவனின் காலைத் தரையோடு பிணைத்திருந்த பட்டையைக் கழற்ற அவர் குனிந்தபோது கடுகு உள்ளே வந்தாள். நேராக வந்து ஓவனுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

“தொடாதீங்க.”

நர்ஸ் அண்ணி ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். சென்சார், முப்பத்தைந்து டிகிரி, மேற்கு வெயில் எல்லாவற்றையும் சொன்னார். புதன்கிழமை ஜன்னலை மூடியது தான்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கடுகு கேட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

“ரிப்பேர் பண்ணிட்டுச் சுட்டா, அது அம்மா இடம் குடுத்ததா ஆகாது.”

“ஆகாதுதான்,” என்றார் நர்ஸ் அண்ணி. “நீ சொல்ற வரைக்கும் நான் தொடமாட்டேன்.” பிறகு அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் திரும்பினார். “நீங்க பகல் பூரா வீட்டுல இருக்கிறவர். அவங்க இருந்தப்ப இந்த ஃபேன் நாலு மணிக்கு ஓடுமா, ஓடாதா?”

என் தொழில் பிழை கண்டுபிடிப்பது. அடுத்தவர் எழுதியதில். அந்த நிமிஷம் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கடுகு மட்டும் அங்கே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மாடியில் நானும் தினம் நாலு மணிக்குப் பேனாவை வைத்துவிட்டு, கீழே அண்ணி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அது என்ன சத்தம் என்று தெரிந்தே கேட்டிருக்கிறேன். சொல்லியிருந்தால், ஏன் சரி செய்யவில்லை என்ற கேள்வி வரும்.

“ஓடும்,” என்றேன். “கடைசி ஒரு வருஷம் தினம் ஓடிச்சு. நீ அப்ப ஸ்கூல்ல இருப்பே. சனி ஞாயிறுல அம்மா எப்படியும் எதையாவது சுட்டுக்கிட்டே இருப்பாங்க, அதனால உனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“அம்மாவுக்கு இந்தச் சத்தம் பிடிக்குமா, சித்தப்பா?”

“பிடிக்காது. காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க.”

“யார்கிட்ட?”

“உங்கப்பாகிட்ட. என்கிட்டயும்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னேன் என்பதைச் சொன்னேன். அதற்கு மேல் அதில் சேர்க்க ஒன்றும் இல்லை.

கடுகு நகர்ந்துவிடவில்லை. மெயினைப் போடச் சொன்னாள். போட்டதும், அதற்காகவே காத்திருந்தது போல, விளக்கு எரிந்து விசிறி ஓடியது. மணி நாலு தாண்டியிருந்தது. அவள் ஓவன் கதவைத் திறந்து முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். விட்டபடியே வெகுநேரம் வைத்திருந்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. கையை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“அணைச்சிட்டு இழுங்க,” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் பார்த்தது நர்ஸ் அண்ணியை இல்லை, என்னை.

மெயினை அணைத்துவிட்டு இழுத்தோம். ஓவனுக்கும் பக்கத்து அலமாரிக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து உண்டு. ஓவன் அரையடி முன்னால் வந்ததும் டார்ச் வெளிச்சத்தில் அதன் பக்கவாட்டுத் தகட்டில் ஒரு காகித உறை தெரிந்தது. நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டி, டேப் பழுப்பேறியிருந்தது. ஒளித்து வைத்தது இல்லை அது. ஓவனை இழுக்கிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்தது. இரண்டு மூன்று வருஷமாக யாரும் இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

நர்ஸ் அண்ணி அதைப் பிய்த்துத் தான் பார்க்காமல் கடுகுவிடம் கொடுத்தார். உள்ளே பிளாஸ்டிக் பையில் பளபளப்பாக, பென்சில் அளவு கம்பி. அதன் வாலில் இரண்டு ஒயர், ஒரு வெள்ளைக் கனெக்டர். உறையின் மேல் அண்ணியின் கையெழுத்து. கொஞ்சம் வலப்பக்கம் சாயும், ‘ஞ’வை மட்டும் அழகாகச் சுழிப்பார்.

‘ஓவன் சென்சார், புதுசு. மெயினை அணைக்கணும். உள்ளே ரெண்டு ஸ்க்ரூ. கனெக்டர் பின்பக்கம். ஓவனை இழுக்க ஒரு ஆள் கூட வேணும்.’

அதற்குக் கீழே வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, ‘ஞாயிறு’ என்று எழுதித் தேதி போட்டிருந்தார். ஒவ்வொன்றும் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. பதினொரு ஞாயிறு. பன்னிரண்டாவதை அடிக்கவில்லை.

எனக்குத் தேதிகள் மறப்பதில்லை. பன்னிரண்டாவது ஞாயிறுக்கு முந்தின வெள்ளிதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது. அந்த ஞாயிறு அண்ணன் வீட்டில் இருந்தார். நானும் இருந்தேன். அக்கா இருந்தாள், உறவுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஓவனை இழுக்க இருபது பேர் கிடைத்திருப்பார்கள். அண்ணியைத் தூக்கிக்கொண்டு போனோம்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் கைப்பையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். இழுத்துப் போட்ட ஓவன், என் கையில் டார்ச், தன்னுடைய மல்டிமீட்டர் எல்லாவற்றையும் பார்த்து, உரை நிகழ்த்த வாயைத் திறந்தார். கடுகு உறையை நீட்டினாள். வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். விரல் ஒவ்வொரு ஞாயிறாக இறங்கியது.

“பதினொண்ணு,” என்றார். தசமம் எதுவும் சேர்க்கவில்லை.

நர்ஸ் அண்ணி, இதை எப்படி மாற்றுவது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“எங்க பிரிவுல சோதனை மட்டும்தான். ரிப்பேர் வேற பிரிவு.”

சொல்லிவிட்டுச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். கடுகு தினம் உட்காரும் அதே இடம். அது அவருக்குத் தெரியாது.

வேலை பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பின்பக்கத் தகட்டைக் கழற்றிக் கனெக்டரைப் பிரித்து, பழைய சென்சாரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார் நர்ஸ் அண்ணி. சாதாரண அறைச் சூட்டில் மின்தடை ஆயிரத்து நூறு ஓம் பக்கம் காட்ட வேண்டும் என்று மெஷின்காரர் சொல்லியிருந்தார். பழையது ஆயிரத்து இருநூற்று ஐம்பது காட்டியது. உறையிலிருந்த புதியது ஆயிரத்து நூற்றுப் பதினேழு. இரண்டையும் அண்ணன் தரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். சான்று கேட்கவில்லை, மீட்டரில் அவருடைய ஸ்டிக்கர் இருந்தது. உள்ளே இருந்த இரண்டு ஸ்க்ரூவையும் கடுகு கழற்றினாள். புதியதை வைத்து அவளே முடுக்கினாள். நான் டார்ச் பிடித்தேன். மூன்று வருஷம் தாமதம் என்றாலும் நன்றாகவே பிடித்தேன்.

ஓவனைத் தள்ளி மெயினைப் போட்டபோது ஐந்து மணி. மேற்கு வெயில் முழுசாக அதன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. விளக்கு எரியவில்லை. விசிறி வரவில்லை. நாங்கள் நாலு பேரும் நின்று, குளிர்சாதனப் பெட்டி மூச்சு விடுவதையும், குழாயில் ஒரு சொட்டு விழுவதையும், தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பாடுபடுவதையும் கேட்டோம். கடுகு அன்றைக்கு டீ போடவே இல்லை.

ஞாயிறு காலை நர்ஸ் அண்ணி நூற்று எண்பதில் வைத்தார். பொம்மையும் நூற்று எண்பது என்றது. கேக் நடுவில் குழியாமல் எழும்பி நின்றது. கடுகு குச்சியை விட்டுப் பார்த்தாள், காய்ந்து வந்தது. வண்டியோடு வந்த அக்கா இரண்டு துண்டு சாப்பிட்டாள். சர்க்கரை ஒரு பொட்டு அதிகம் என்று குறிப்பிட்டாள். பிறகு எழுந்து நின்று, “அவ மனசு இறங்கிட்டா,” என்று அறிவித்தாள்.

“ஆமா அத்தை,” என்றாள் கடுகு. “ரெண்டு ஸ்க்ரூதான்.”

அக்காவுக்கு அது விளங்கவில்லை. விளங்காததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கமும் அவளுக்கு இல்லை. வண்டி காலியாகத் திரும்பிப் போனது. கட்டி வைத்த பை மட்டும் மேலும் இரண்டு நாள் கதவோரமாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை காணவில்லை. அன்று நாலு மணிக்குக் கீழே இரண்டு கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. நர்ஸ் அண்ணி டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்குப் போட்டிருந்ததைக் குடித்தார் என்று தெரிகிறது. இப்போதும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

அண்ணன் அந்தப் பழைய சென்சாரைக் கைக்குட்டையில் சுற்றித் தொழிற்சாலைக்கு எடுத்துப் போயிருந்தார். புதன்கிழமை பிற்பகல் மாடிக்கு வந்து, ஒரு படிவத்தை என் மேஜையில் வைத்தார். கருவிகளைச் சோதித்தால் அவர்கள் கொடுக்கிற அதே படிவம், தட்டச்சு செய்து, முத்திரை போட்டு. ஏதாவது பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடு என்றார். உடனே இறங்கிப் போய்விட்டார்.

கருவி: ஓவன் வெப்ப உணரி. பிழை அளவு: கூடுதலாக 34.6 டிகிரி. முந்தைய சோதனை: செல்லாது. புகார் செய்தவர் என்ற இடத்தில் அண்ணியின் முழுப்பெயர், கல்யாணத்துக்கு முன்னால் இருந்த தலைப்பெழுத்தோடு. புகார் பெற்ற நாள் என்று முதல் ஞாயிறுக்கும் மூன்று வாரம் முந்தின ஒரு தேதி. அப்படியானால் அவருக்கும் தேதிகள் மறக்கவில்லை. நடவடிக்கை எடுத்த நாள், போன சனிக்கிழமை. புகாரைப் பெற்றவர் என்பதற்கு எதிரில் அவருடைய சுருக்கொப்பம். அதற்குக் கீழே இன்னொரு ஒப்பத்துக்கு இடம் விட்டு, புள்ளிக் கோடு.

‘தாமதத்துக்கான காரணம்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. புள்ளிக் கோட்டின் மேல் என் பெயரை எழுதினேன். பேனாவைக் காலிக் கட்டத்துக்குக் கொண்டுபோய், வெகுநேரம் அங்கேயே பிடித்திருந்தேன். சுவரில் அண்ணன் சரிபார்த்துக் கொடுத்த கடிகாரம் நாலு காட்டியது. கீழே எந்தச் சத்தமும் இல்லை. இருந்தும் எழுந்து போய், மாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டேன்.